அழைப்புப் பத்திரிகைக்கு ஃபாண்ட் பார்ப்பது: பள்ளத்தூர் ஜெராக்ஸ் கடையிலிருந்து

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு அழைப்புப் பத்திரிகையில் பாதி இடத்தை இனிஷியலே பிடித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் மெ.லெ.சித. என்று ஒருவர், எதிர்ப்பக்கம் சம்பந்தி வீட்டார் அரு.ராம.சொ. என்று ஒருவர், கீழே தாய்மாமன் பழ.கரு.வீர. என்று இன்னொருவர். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு பாட்டனார் நிற்கிறார். அந்தப் புள்ளியைச் சரியாகக் காட்டாத ஃபாண்ட், அதாவது எழுத்துரு, எவ்வளவு அழகாக இருந்தாலும் செட்டிநாட்டு வேலைக்கு ஆகாது. சில ஃபாண்டில் புள்ளிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி அதிகம். இனிஷியல் மட்டுமே ஒரு வரியைத் தின்றுவிடும். சிலவற்றில் புள்ளி அவ்வளவு சின்னது, போனில் பார்க்கும்போது காணாமலே போய்விடும். இன்னும் சிலவற்றில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாது. ‘மெ.’ என்பது ‘மே.’ ஆகிவிட்டால் அந்த வீட்டில் யாரும் சிரித்துக்கொண்டு வாங்க மாட்டார்கள்.

பள்ளத்தூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள், “தம்பி, வாட்ஸ்அப்புல அனுப்புற மாதிரி ஒரு பத்திரிகை போட்டுக் குடு” என்று கேட்க ஆரம்பித்து, இப்போது நகல் எடுப்பதைவிட இதுதான் அதிகம். மணிவிழா, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, புதுமனை புகுவிழா, கோவில் குடமுழுக்கு, முறுக்கு மாவுருண்டை பாக்கெட்டுக்கு லேபிள் என்று எல்லாம் வரும். கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனாலும் முக்கால்வாசி வேலை போனில்தான், பிக்சல்லேப் மாதிரி செயலிகளில்.

முதலில், பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. “அண்ணே, ஒரு கட்டு தமிழ் ஃபாண்ட் இறக்கி வச்சிருக்கேன். எதைப் போட்டாலும் ஒரே எழுத்துதான் வருது.” போன் கெட்டுப்போகவில்லை, செயலியும் கெட்டுப்போகவில்லை. அவர்கள் இறக்கியது பாமினி காலத்து ஃபாண்ட். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் வந்த இந்த ஃபாண்டுகள், ஆங்கில எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும். பாமினியில் ‘அம்மா’ என்று வரவேண்டுமானால் ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடிக்க வேண்டும். போனில் இருக்கும் கீபோர்டு அடிப்பதோ யூனிகோடு தமிழ். அந்த எழுத்துகள் பழைய ஃபாண்டுக்குள் இல்லவே இல்லை. அதனால் செயலி சத்தமில்லாமல் போனின் சொந்தத் தமிழ் எழுத்தை எடுத்துப் போட்டுவிடுகிறது. நீங்கள் ஐம்பது ஃபாண்ட் மாற்றினாலும் அதே முகம்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. அந்த ஃபாண்டை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எதையாவது தட்டுங்கள். தமிழ் எழுத்து வந்தால் அது பழைய ரகம். அந்த வடிவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எழுத்துரு மாற்றியில் யூனிகோடைக் கொடுத்து, பாமினிக்கு மாற்றி, வரும் கிறுக்கலை அப்படியே ஒட்டலாம். வேலை செய்யும். ஆனால் பிறகு ஒரு பேரைத் திருத்த வேண்டும் என்றால் திரும்பவும் மாற்றி, திரும்பவும் ஒட்ட வேண்டும். பத்திரிகையில் பேர் திருத்தாத வீடு உண்டா? தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்து, 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. நாமும் வந்துவிடுவது நல்லது.

ஆனால் அச்சகங்கள் எல்லாம் வந்துவிடவில்லை. நாம் வாட்ஸ்அப்பில் யூனிகோடாக அனுப்பும் விவரத்தை அங்கே பழைய ஃபாண்டுக்கு மாற்றுவார்கள், சில சமயம் மறுபடி யூனிகோடுக்கும் மாற்றுவார்கள். இந்தப் போக்குவரத்தில் அடிபடும் எழுத்து ‘ரி’யும் ‘ர்’ருமே. பழைய ஃபாண்டில் காலுக்கும் ரகரத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாததால், ‘ரி’ இருக்கவேண்டிய இடத்தில் கால் போட்டு அதன்மேல் விசிறி (இகரக் குறி) போட்டு வைத்திருப்பார்கள். ஒரு ஃபாண்டில் அது சரியாகவே தெரியும். ஃபாண்டை மாற்றியதும் ‘ஆசிாியா்’ என்று நடுவில் புள்ளி வட்டத்தோடு பல்லிளிக்கும். இப்படி வட்டம் வந்தால் ஃபாண்டைக் குறை சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை அழித்துவிட்டு நீங்களே புதிதாக அடியுங்கள். ‘கௌரி’ என்பதிலும் இதே சங்கதி உண்டு. பலர் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். சில ஃபாண்டில் கண்டுபிடிக்கவே முடியாது. ஔகாரக் குறியைச் சிறிதாக வரைந்திருக்கும் ஃபாண்டில் உடனே பல்லைக் காட்டிவிடும்.

ஃபாண்ட் தேர்வு செய்ய நான் ஒரு சோதனை வரி வைத்திருக்கிறேன். போனில் நோட்ஸில் கிடக்கிறது, புது ஃபாண்ட் எது வந்தாலும் முதலில் அதைத்தான் ஒட்டுவேன்:

ஸ்ரீ கொப்புடைநாயகி, கௌரி, மெ.லெ.சொ., சஷ்டியப்தபூர்த்தி, வைரவன்பட்டி, ஞாயிறு, குன்றக்குடி, பூஜ்ஜியம், ஃபோன், ₹1,250, காலை 9-00

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ‘கொ’ முன்னும் பின்னும் உறுப்பு உள்ள எழுத்து. செயலி தமிழை ஒழுங்காகக் கோக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ‘ஞா’, ‘பூஜ்’ இரண்டும் சிக்கலான வடிவங்கள், தடித்த எழுத்தில் உள்ளே அடைத்துக்கொள்ளும். ‘குன்றக்குடி’யில் கீழே இறங்கும் உகரம் இருக்கிறது, மேலே புள்ளியும் விசிறியும் இருக்கிறது; வரி உயரத்தை அதை வைத்துப் பார்க்கலாம். ரூபாய்க் குறி பல ஃபாண்டில் கிடையாது, அது மட்டும் வேறு சாயலில் வந்து உட்காரும். ‘ஸ்ரீ’தான் பெரிய தலைவலி. அதை ஸகரத்தை வைத்தும் அடிக்கலாம், ஶகரத்தை வைத்தும் அடிக்கலாம். கீபோர்டைப் பொறுத்து மாறும். ஒரு ஃபாண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாகக் காட்டி, மற்றதை ‘ஸ்’ தனி ‘ரீ’ தனி என்று பிரித்துவிட்டால், வேறு கீபோர்டில் ‘ஸ்ரீ’யை மட்டும் அடித்து ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். கோவில் பத்திரிகை போடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஃபாண்ட் முடிவு செய்யவே கூடாது.

செயலியில் ஃபாண்ட் பட்டியலில் அதன் பெயர் அழகாகத் தெரிகிறதே என்று எடுப்பவர்கள்தான் அதிகம். அந்தப் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் வீட்டுப் பேர் அதில் எப்படி வரும் என்பதற்கு அது எந்தச் சாட்சியும் இல்லை.

சரி, எதை எடுப்பது? கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் வருபவை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இது முக்கியம். வேறு தளங்களில் ‘இலவசம்’ என்று போட்டிருப்பது பல நேரம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். பலகார லேபிள் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறக்க வேண்டும்.

விவரம் எழுதும் பகுதிக்கு நான் பெரும்பாலும் முக்தா மலரோ ஹிந்த் மதுரையோ எடுப்பேன். இரண்டுமே அலட்டல் இல்லாதவை, சின்ன அளவிலும் படிக்கலாம், மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை பல கனத்தில் கிடைக்கும். மணிவிழா, திருமணம் போன்ற கௌரவமான காரியத்துக்கு நோட்டோ செரிப் தமிழ் நன்றாக இருக்கும். கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதால் அச்சுப் புத்தகத்தின் களை வரும். டிரோ தமிழும் அந்த வகைதான், அதிலும் வாசிப்பு சுகம். ஆனால் மெல்லிய கோடு உள்ள இந்த ஃபாண்டுகளைச் சின்னதாகப் போட்டு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கும்போது மெலிந்த கோடுகள் கரைந்துவிடும். தலைப்புக்கும் பேருக்கும் மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அனேக் தமிழ் எங்கள் ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. அதில் கனம் மட்டும் இல்லை, அகலத்தையும் மாற்றலாம். ‘சஷ்டியப்தபூர்த்தி சாந்தி விழா அழைப்பிதழ்’ என்பதை ஒரே வரியில் போட்டுக் கேட்டால் வேறு ஃபாண்டில் எழுத்தைப் பொடியாக்க வேண்டும். இதில் ஒடுக்கமான வடிவத்தை எடுத்தால் உயரம் குறையாமல் அடங்கிவிடும். சில செயலி இந்த மாறும் வகைக் கோப்பைச் சரியாகப் படிக்காமல் ஒரே கனத்தில் காட்டும். இறக்கும் ஜிப்புக்குள் ‘ஸ்டாடிக்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து வேண்டிய கனத்தைத் தனித்தனி டிடிஎஃப் கோப்பாக எடுத்துப் போட்டால் தீர்ந்தது. செயலியில் இருக்கும் குறுக்குவாட்டு இழுப்பை வைத்து எழுத்தை நசுக்கிச் சின்னதாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். படுக்கைக் கோடு தடித்தும் செங்குத்துக் கோடு மெலிந்தும் போய், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

பலூ தம்பி, காயினி இரண்டும் குண்டு எழுத்துகள். குழந்தை பிறந்தநாள், பலகாரம், கிரிக்கெட் போட்டி அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஜோர். ஒரு தடவை யாரோ கண்ணீர் அஞ்சலியை அப்படி ஒரு குண்டு எழுத்தில், போதாததற்கு மஞ்சள் நிறத்தில் போட்டு ஊரெங்கும் வைத்திருந்தார்கள். இறந்தவர் சிரித்த முகக்காரர்தான், அதற்காக இப்படியா. துக்கச் செய்திக்கு நோட்டோ சான்ஸ் தமிழில் நடுத்தரக் கனம், வெள்ளை அல்லது கறுப்பு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கவிவனார் கையெழுத்துச் சாயல், சாய்ந்திருக்கும். நன்றி, வாழ்த்து என்று ஒரு வரிக்குப் போடலாம். முழு நிகழ்ச்சி நிரலையும் அதில் போட்டால் ஆச்சிமார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூரத்தில் கொண்டுபோய், கடைசியில் நம்மிடமே “என்னப்பா எழுதியிருக்கு, வாசி” என்பார்கள்.

ஒரு பத்திரிகைக்கு இரண்டு ஃபாண்ட் போதும். மூன்றாவது தேவைப்பட்டால், முதல் இரண்டில் ஒன்று சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அளவையும் கனத்தையும் மாற்றினாலே போதுமான வித்தியாசம் கிடைக்கும்.

இனி செயலியின் பொத்தான்கள். ‘பி’ என்று தடித்த எழுத்துக்கு இருக்கும் பொத்தானை நான் தொடுவதில்லை. அந்தக் கனத்தில் கோப்பு இல்லாவிட்டால், செயலி இருக்கும் எழுத்தையே சுற்றிலும் ஊதிப் பெருக்கும். ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ உள்சுழிகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஃபாண்டின் சொந்தத் தடித்த கோப்பையே எடுங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் பட்டையும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு அது நாகரிகம். தமிழில் சில செயலி கொம்பையும் மெய்யையும் காலையும் தள்ளித் தள்ளி நிறுத்திவிடும். வட்டமாகவோ வளைவாகவோ எழுத்தைச் சுற்றினால் இன்னும் மோசம், ‘கோவில்’ என்பதில் கொம்பு ஒரு திசையில், ககரம் ஒரு திசையில். வளைவு வேண்டுமென்றால் முதலில் சோதனை வரியை வளைத்துப் பாருங்கள். உடைந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், அல்லது எழுத்தைத் தனிப் படமாகச் சேமித்து அந்தப் படத்தை வளையுங்கள்.

வரிகளுக்கு இடையே மட்டும் தாராளமாக இடம் விட வேண்டும். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரமும் இருப்பதால், ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் இடைவெளியில் மேல்வரியின் ‘கு’ கீழ்வரியின் ‘ன்’ தலையில் வந்து இடிக்கும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கிட்டத்தட்ட வரி உயரம் வைத்தால் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. வரியை எங்கே மடிப்பது என்பதையும் செயலியிடம் விடாதீர்கள். இனிஷியல் ஒரு வரியிலும் பேர் அடுத்த வரியிலும் விழுந்தால் வீட்டுக்காரர் வருத்தப்படுவார். இனிஷியல்களுக்கு நடுவே இடம் விடாமல் சேர்த்தே அடித்து, வரியை நீங்களே கையால் மடியுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் ஒழுங்கு தமிழுக்கு ஒத்துவராது. நீளமான சொற்கள் என்பதால் நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும்.

பின்னணிப் படத்துக்கு எல்லோரும் கேட்பது ஆத்தங்குடிக் கல், இல்லையென்றால் நிலைக்கதவு வேலைப்பாடு. இரண்டும் அழகு, இரண்டுமே எழுத்துக்கு எமன். அந்தப் பூவேலைமேல் எந்த ஃபாண்ட் போட்டாலும் தொலைந்துபோகும். உடனே வெள்ளை அவுட்லைன், கறுப்பு நிழல், தங்கப் பளபளப்பு என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அவுட்லைன் போட்டால் சில ஃபாண்டில் எழுத்துக்குள்ளேயே கோடுகள் குறுக்கே ஓடுவதைப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்த துண்டுகளாக எழுத்தை வரைந்திருப்பதால் வருவது அது. மாறும் வகை ஃபாண்டில் அதிகம். நான் செய்வது இதுதான்: ஆத்தங்குடிக் கல்லை ஓரத்தில் கரையாக மட்டும் வைத்து, நடுவில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் படம் எடுத்துப் போடுவேன். வழவழவென்று வெண்மையாக இருக்கும் அந்தச் சுவர்மேல் அரக்கு நிறத்தில் எழுதினால், நிழலும் வேண்டாம் கோடும் வேண்டாம். கதவுப் படம்தான் வேண்டும் என்றால் எழுத்து வரும் இடத்தில் பாதி தெரியும்படி ஒரு கறுப்புப் பட்டை.

சிலர் பழைய கணக்கேட்டுச் சாயலில் கேட்பார்கள். ஐயா காலத்து பேரேட்டைக் கொண்டுவந்து காட்டி, “இதுல இருக்க மாதிரியே போடு தம்பி” என்பார்கள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, வருஷத்துக்கு ௵ எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன. ஆனால் அலங்கார ஃபாண்டுகள் பலவற்றில் இவை இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழில் இருக்கின்றன. அறுபதாம் கல்யாணத்துக்கு ‘௬௦’ என்று போடுவதா ‘௬௰’ என்று போடுவதா என்று ஒரு வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. பேரேட்டில் இருந்தது ஆறும் பத்துக் குறியும், அதாவது ௬௰, அதையே போட்டோம். ஆனால் பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களைக் கேட்டால் ஃபாண்டில் தேடி அலைய வேண்டும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்குப் பிறகு படித்தவர்களுக்கு அவை கையில் வராது, சிலருக்குப் படிக்கவும் வராது. யூனிகோடில் பழைய லைக்குத் தனி எண் கிடையாது. வடிவம் ஃபாண்டுக்காரர் வரைந்தபடிதான். பழைய அச்சு எழுத்தின் அமைப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களில் தொடங்கிய சென்னை ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். தலைப்பை எவ்வளவு பெரிதாக, விவரத்தை எவ்வளவு சிறிதாகப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பழைய அட்டைகளில் பார்த்தாலே பாதி பாடம் கிடைக்கும்.

அளவு விஷயம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920 பிக்சல். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டையாக அச்சடிக்க வேண்டுமென்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1500-க்கு 2100. இதை வேலை தொடங்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸுக்குச் செய்ததை அச்சுக்கு இழுத்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். எட்டுக்கு நாலு அடி ஃப்ளெக்ஸுக்கு 72 டிபிஐ என்று வைத்தாலே 6912-க்கு 3456 பிக்சல் வரும், எல்லாப் போனும் தாங்காது. அதற்குக் கடைக்காரரிடம் விவரத்தையும் ஃபாண்ட் கோப்பையும் கொடுத்து அவரையே அமைக்கச் சொல்வது மேல். அவர் ஃபோட்டோஷாப்பில் யூனிகோடைப் போட்டதும் கொம்பெல்லாம் இடம் மாறி நின்றால், “அண்ணே, டைப் அமைப்பில வேர்ல்ட் ரெடி லேஅவுட்டுக்கு மாத்துங்க” என்று சொல்லுங்கள். பழைய பதிப்பில் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்ற பேரில் இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

முடித்ததும் நான் இரண்டு போனில் பார்ப்பேன். ஒன்று என் போன். இன்னொன்று கடைக்கு எதிர்வீட்டு ஆச்சியுடைய பழைய போன், திரையில் கீறல் விழுந்தது. பெரிதாக்காமல், கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் நாள், நேரம், இடம் மூன்றையும் வாசித்துவிட்டால் அனுப்பலாம். அவர் இதுவரை அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. “முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு தேட வேண்டியிருக்கு” என்பதுதான் அவர் சொல்லும் அதிகபட்ச விமரிசனம். அதைக் கேட்டு நேரத்தை எப்போதும் தேதிக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே கனத்தில் போட ஆரம்பித்தேன்.

ஃபாண்ட் கோப்புகளை போனிலும் பென்டிரைவிலும் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். போன் மாற்றினால் செயலிக்குள் ஏற்றிய ஃபாண்டுகள் கூட வராது. பழைய வேலையைத் திறந்தால் எல்லாம் போனின் சாதா எழுத்தில் நிற்கும். கேன்வாவில் சொந்த ஃபாண்ட் ஏற்றுவதற்குக் கட்டணக் கணக்கு வேண்டும் என்பதால், அங்கே செய்யும் வேலைக்கு அதிலேயே இருக்கும் தமிழ் எழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு வேலையையும் சேமிக்கும்போது கோப்பின் பேரிலேயே வீட்டுப் பேர், விசேஷம், ஃபாண்ட், கனம் நான்கையும் எழுதிவிடுவேன். அக்கா கல்யாணத்துக்குப் போட்ட அதே எழுத்தில்தான் தம்பி கல்யாணத்துக்கும் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அதுவும் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது.